பின்கழுத்துப் பட்டாணி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் தலை துவட்டும்போது பின்கழுத்தில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. இடது பக்கம், சட்டைக் காலர் உட்காரும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே. பட்டாணி அளவு. ஊறப்போடாத பட்டாணி. அழுத்தினால் நழுவி ஓடுகிறது. வலி இல்லை.

வலி இல்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வலித்தால் கொசுக்கடி, வேனல்கட்டி என்று எதையாவது சொல்லிவிடலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

இந்த டைரி ஜனவரியில் பிரஸ்காரர் கொடுத்தது. ஏழு மாதமாகப் பால் கவருக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்படி வளர்ந்தது என்று நாளை ஒரு டாக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நான் இருந்தால் நானே சொல்வேன். இல்லாவிட்டால் டைரி சொல்லும்.

டைரியைப் படிக்கிறவர்களுக்காக: என் பெயர் ஆறுமுகநயினார். வயது 47. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘நயினார் கிராபிக்ஸ்’ என்னுடையது. கல்யாண பிளக்ஸ், காதுகுத்து பிளக்ஸ் எல்லாம் செய்வேன். ஆனால் என் பெயர் நிற்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான். இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் கண் மூடியவர்களில் பாதிப் பேர் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் மேலே போயிருக்கிறார்கள். மனைவி பகவதி. ஒரே மகள், சென்னையில் வேலை. கூடப் பிறந்தவர் ஒருவர் அடுத்த தெருவிலேயே இருக்கிறார். அவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பகவதியிடம் கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. பாவம், பயந்துவிடுவாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பின்கழுத்தை நாமே போட்டோ எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி, போனைத் தோளுக்குப் பின்னால் நீட்டி இருபத்தாறு போட்டோ எடுத்தேன். பதினெட்டில் மின்விசிறி விழுந்திருக்கிறது. நன்றாக வந்த ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நானூறு மடங்கு பெரிதாக்கினேன். மலை மாதிரி இருந்தது. நிறத்தைச் சரிசெய்து பார்த்தேன். கொஞ்சம் சிவப்பைக் குறைத்ததும் மனதுக்கு இதமாக இருந்தது. பிறகுதான் குறைந்தது போட்டோவில் இருக்கிற சிவப்பு மட்டும் என்று உறைத்தது.

ஆகஸ்ட் 9, சனி

நேற்றைய போட்டோவின் மேல் இன்றைய போட்டோவை வைத்துப் பார்த்தேன். நாலு புள்ளி பெரிதாகியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு புள்ளி என்றால் தீபாவளிக்கு எலுமிச்சம்பழம், பொங்கலுக்குத் தேங்காய்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பகவதிதான் முதுகுக்குத் தேய்த்துவிடுவாள், பார்த்துவிடுவாள். “சளி பிடிச்ச மாதிரி இருக்கு” என்றேன். “அப்பம் எதுக்கு ரெண்டு டம்ளர் மோர் குடிச்சீங்க?” என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று போனைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்து எடுத்திருக்கிறேன். கழுத்தில் இருக்கிற மச்சமும் நாலு புள்ளி பெரிதாகியிருக்கிறது. அதனால் நேற்றைய கணக்கு செல்லாது. ஆனால் மச்சமும் சேர்ந்து வளர்கிறதோ என்று இப்போது ஒரு சந்தேகம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று ஒரு அஞ்சலி வேலை. எண்பது வயதுப் பெரியவர். அவர் பிள்ளைகள் கொண்டுவந்தது ரேஷன் கார்டு போட்டோ. கேட்டால் வேறு இல்லையாம். நாலு பிள்ளை பெற்று, நாலு பேருக்கும் கல்யாணம் பண்ணி வைத்த மனிதனுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லை. போன மாதம் இன்னொருவரைக் கல்யாண குரூப் போட்டோவில் இருந்து வெட்டி எடுத்தேன். அவர் தோளில் யாருடைய கையோ இருந்தது. அந்தக் கையை அழிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது.

எனக்கு அந்த நிலைமை வரக்கூடாது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்ததில் ஒன்று நன்றாக அமைந்தது. சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. கடன் கொடுத்தவன் பார்த்தாலும் இரக்கப்படுவான்.

கையோடு போஸ்டரையும் போட்டு வைத்தேன். இது சும்மா. பிற்பாடு யாராவது ரோஜாப்பூவும் புறாவும் வைத்து அசிங்கம் பண்ணிவிடக் கூடாது என்பதற்காக. பெயர், ‘தோற்றம்’ எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டது. ‘மறைவு’ என்ற இடத்தை வெறுமனே விட்டால் வரி சாய்ந்து நிற்கிறது. அதனால் இன்றைய தேதியைப் போட்டேன்.

‘துயரத்தில் வாடும்’ என்று போட்டு அடியில் பெயர் எழுத ஆரம்பித்தேன். மனைவி, மகள். அதற்கு மேல் கை ஓடவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். கூடப் பிறந்தவர் என்று முன்னால் குறித்தேனே, அவர் பெயர் உலகநாதன். கரண்ட் ஆபீஸில் போர்மேன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பதினோரு வருடத்துக்கு முன்னால், அவர் தூத்துக்குடியில் வேலையில் இருந்த காலத்தில், அப்பா இறந்தபோது போஸ்டரை நான்தான் செய்தேன். பிள்ளைகள் பெயர் வரும் இடத்தில் என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே வந்துவிட்டது. இது முழுக்க முழுக்க அழகு சம்பந்தப்பட்ட விஷயம். ஆறுமுகநயினார் நீளமான பெயர். உலகநாதன் குட்டை. நீளமான வரி மேலேயும் குட்டை வரி கீழேயும் இருந்தால்தான் கண்ணுக்கு நிற்கும். எந்த டிசைனரும் இதைத்தான் செய்வான். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனவர்தான். இன்று வரை பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் பியூஸ் போனால்கூட நான் கரண்ட் ஆபீஸுக்குப் போன் போடுவதில்லை. இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

இன்று போஸ்டரைத் திறந்து, பெயர் வரிசையில் முதலாவதாக ‘அண்ணன் உலகநாதன்’ என்று போட்டேன். ஊர் பேசக்கூடாது என்பதற்காக மட்டுமே.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எண்ணெய் தேய்த்தே ஆக வேண்டும் என்று பகவதி பிடித்துக்கொண்டாள். தப்பிக்க வழியில்லை. பலகையில் உட்கார்ந்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

“பகவதி, பதறக்கூடாது. என் பின்கழுத்துல ஒரு கட்டி இருக்கு.”

“ஆமா, இருக்கு” என்றாள். கை நிற்கவில்லை, தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

“உனக்குத் தெரியுமா?”

“நாலு வருசமா இருக்கே. வாராவாரம் நான்தான தேய்க்கேன். எனக்குத் தெரியாதா?”

நாலு வருடம். நான் ஒன்பது நாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நாலு வருடத்தில் அது எங்கெல்லாம் பரவியிருக்கும்?

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா இப்படித்தான் முழிப்பீங்கன்னுதான் சொல்லல. நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்துருவோம். எந்திரிங்க, சீயக்காய் கண்ணுல விழும்.”

ஆகஸ்ட் 14, வியாழன்

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். முழுதாகப் பத்து விநாடி இல்லை.

“இது வெறும் கொழுப்புக் கட்டி, அங்கிள். ஒண்ணும் பண்ணாது. அப்படியே விட்ரலாம்.”

நான் டைரியை எடுத்து நீட்டினேன். போட்டோக்களையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். கடைசியில், “உங்களுக்கு ஷுகர் இல்ல, பிரஷர் இல்ல. கவலைதான் இருக்கு” என்றார்.

“எப்படி இவ்வளவு உறுதியா சொல்லுதீங்க?”

“இது சில குடும்பத்துல பரம்பரையா வரும். அப்பாவுக்கு இருந்துச்சா?”

“இல்ல. மூணு வருசம் நான்தான் குளிப்பாட்டினேன். எனக்குத் தெரியாம ஒரு மச்சம்கூடக் கெடையாது.”

“அம்மா?”

“எனக்கு நாலு வயசுலயே போயிட்டாவ. மொகமே ஞாபகம் இல்ல.”

“கூடப் பிறந்தவங்க?”

நான் டைரியை வாங்கி மூடினேன். பகவதிதான், “ஒரு அண்ணன் உண்டு. அடுத்த தெருதான்” என்றாள்.

“அப்ப வேலை லேசு. அவங்களுக்கு இந்த மாதிரி இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. இருந்துச்சுன்னா உங்க மனசு சமாதானமாயிரும். அப்படியும் ஆகலன்னா ஊசி விட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம்.”

ஊசி எவ்வளவு நீளம் என்று கேட்டேன். விரலால் காட்டினார். அதை இங்கே எழுத மனமில்லை.

வெளியே வந்ததும் பகவதி, “ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சு போச்சு” என்றாள். ஊசியே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

கேட்காமலே தெரிந்துகொள்ள ஆயிரம் வழி இருக்கிறது. மூளை இருக்கிறவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

அவருக்கு முடிவெட்டுகிறவர் செல்லப்பா. பதினோரு வருடமாக நான் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. இன்று போய், முடி இல்லாத தலைக்கு முடி வெட்டச் சொல்லி உட்கார்ந்தேன். பேச்சோடு பேச்சாக, “கரண்ட் ஆபீஸ்காரர் ஒருத்தர் வருவாரே, அவரு பின்கழுத்துல கட்டி கிட்டி ஏதும் பாத்திருக்கியா?” என்று கேட்டேன்.

செல்லப்பா கத்திரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இது என்ன கூத்து அண்ணாச்சி? அவாளும் மாசம் ஒருக்கா வந்து உங்களப் பத்தித்தான் கேக்காவ. எளச்சுட்டானாமே, ஷுகரா, ராத்திரி கடையில ரொம்ப நேரம் ஒக்காந்திருக்கானாமேன்னு. நீங்க ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டா அந்த நேரத்துல நான் இன்னும் ரெண்டு பேருக்கு முடி வெட்டிருவேன்.”

பார்த்தீர்களா, வேவு பார்க்கிறார். கட்டி பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. காலரை மடக்க விடுவதில்லையாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அவர் தினமும் காலை ஆறு மணிக்கு ஆற்றில் குளிப்பார். சின்ன வயதுப் பழக்கம். இன்று நான் ஐந்தரைக்கே போய்ப் படித்துறை மேட்டில் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். போனில் எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும் வசதி இருக்கிறது.

மனிதர் வந்தார். சட்டையைக் கழற்றினார். கழற்றிய அதே விநாடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். துண்டோடு இறங்கினார். கழுத்து வரை தண்ணீருக்குள் நின்றுகொண்டார். கால் மணி நேரம் அப்படியே. எருமைகூட நடுவில் ஒரு தடவை எழுந்து நிற்கும். கடைசியில் துண்டைப் பிழிய எடுத்தபோது, எனக்கும் அவருக்கும் நடுவில் ஒருவர் குடத்தோடு வந்து நின்றுவிட்டார்.

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “என்ன அண்ணாச்சி, போன வச்சு யாரப் படம் புடிக்கீரு?”

பக்கத்துப் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நாலு பேர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி கையில் துவைக்கிற துணி முறுக்கிய நிலையில் தயாராக இருந்தது. வேறு வழியில்லாமல் போனைக் கொடுத்தேன். தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பதினான்கு போட்டோ. பதினான்கிலும் துண்டு போர்த்திய ஒரே முதுகு.

“இது போர்மேன் அண்ணாச்சில்லா? ஒம்ம கூடப் பொறந்தவருல்லா?”

“ஆமா.”

“சொந்த அண்ணன மரத்துக்குப் பின்னால நின்னு எதுக்குவே படம் புடிக்கீரு?”

போனுக்குக் கையை நீட்டினேன். வயதான ஒருத்தி போனைத் திருப்பிக் கொடுத்தாள். “தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாவ. இவருக்கு ஆடுதது வேற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போனாள். அந்த ஆற்றங்கரைக்கு இனி நான் போவதாக இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பகவதி கேட்டாள்: “அண்ணன்கிட்டப் பேசுனா என்ன கொறஞ்சு போயிருவீங்க?”

“நான் ஒரு தப்பும் பண்ணல. டிசைனுக்காகச் செஞ்சது.”

“பதினோரு வருசமா இதையே சொல்லுதீங்க. நான் ஒரு தடவையாவது நம்பிருக்கேனா?”

ரசத்தில் உப்புக் குறைவு.

ஆகஸ்ட் 20, புதன்

ஊசிக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணி என்று முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாலு நாள்தான் இருக்கிறது. போஸ்டரைத் திறந்து கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். ‘மறைவு’ தேதியை இன்றைக்கு மாற்றினேன், சும்மா. கண்ணுக்கு அடியில் இருந்த கருப்பைக் கொஞ்சம் எடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் இதைவிட நல்ல அஞ்சலி நான் செய்ததில்லை.

அதற்குள் அவசர வேலை ஒன்று வந்தது. வைகுண்டநாதன் சார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், மத்தியானம் காலமாகிவிட்டார். எனக்கு எட்டாவதில் கணக்கு எடுத்தவர். விடிவதற்குள் ஊர் முழுக்க ஐம்பது போஸ்டர் ஒட்ட வேண்டும் என்றார் சாரின் மகன். ஒரு மணி நேரத்தில் முடித்தேன். ஒப்புதலுக்கு மகனின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். துக்க வீட்டில் இருக்கிறவர், ஒரே நிமிடத்தில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். அதையே அப்படியே திருநெல்வேலி பிரஸ்ஸுக்குத் தள்ளிவிட்டேன். கடைசி பஸ்ஸில் பார்சல் வந்துவிடும். வழக்கம்போல மாசானம் எடுத்துக்கொண்டு போய் ஒட்டிவிடுவான்.

மனது சரியில்லாத நாளிலும் தொழிலில் ஒரு குறை வைக்கவில்லை. இது எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை ஆறரைக்கு டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே விட்டார். பெஞ்சில் இருந்த மூன்று பேர் எழுந்து நின்றார்கள். மாஸ்டர் மெதுவாகக் கையை நீட்டி எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

சுவரில் நான் இருந்தேன். வெள்ளைச் சட்டை, நீலப் பின்னணி, ‘கண்ணீர் அஞ்சலி’.

உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்கு முதலில் தோன்றியது, நிறம் அருமையாக வந்திருக்கிறது என்பதுதான். அதற்கு அப்புறம்தான் கடைக்கு ஓடிக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

இரண்டு போஸ்டரும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. சாரின் மகனுக்கு நான் அனுப்பியது என்னை. அழுகைக்கும் ஆட்களுக்கும் நடுவில் அவர் பார்க்காமலே கட்டை விரலைத் தூக்கியிருக்கிறார். பிரஸ்ஸில் அவர்களுக்கு நான் யார், சார் யார் என்று என்ன தெரியும்? ஆனால் மாசானத்துக்குத் தெரியுமே. பன்னிரண்டு வருடமாக எனக்குப் போஸ்டர் ஒட்டுகிறவன். பசை வாளியும் கையுமாக அவனைப் பிடித்தேன்.

“ஏல, என் மூஞ்சி ஒனக்குத் தெரியாதா?”

மாசானம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. “நான் போட்டோவப் பாக்கதே இல்ல அண்ணாச்சி. பாத்தா நமக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கும். மனசு கஷ்டமாயிரும். அதான் எப்பவுமே முதுகுப் பக்கத்த மட்டும் பாத்துப் பசை தடவுவேன்.”

அவனை எப்படித் திட்டுவது?

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஏழெட்டுப் பேர். யாரோ நாற்காலிகூடக் கொண்டுவந்துவிட்டார்கள். பகவதி படியில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். “இல்ல, நல்லாத்தான் இருக்காவ. டீ குடிக்கப் போயிருக்காவ. மாலையப் பைக்குள்ள வைங்க, அவாள் கண்ணுல பட வேண்டாம்.” என்னைப் பார்த்ததும் படியை விட்டு இறங்கி வந்தாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள். “உங்க போஸ்டர நீங்களே போட்டு வச்சிருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் என்று நினைக்கிறேன்.

அப்போது வாசலில் பைக் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். அண்ணன். இடுப்பில் குறடு, முழங்கை வரைக்கும் பசை. கையில் பாதி கிழிந்த போஸ்டர். வேலைக்குப் போகிற வழியில் டிரான்ஸ்பார்மர் தூணில் பார்த்திருக்கிறார். வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அப்படியே கீழே விட்டுவிட்டு வந்தார். நான் வாசலுக்குப் போய் நின்றதும் அப்படியே நின்றுவிட்டார். வாய் கோணியது.

“தப்பா பிரிண்ட் ஆயிட்டு அண்ணே” என்றேன். பதினோரு வருடத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் படியில் உட்கார்ந்தார். போஸ்டரைத் தொடையில் விரித்து வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களைப் பகவதி காப்பி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“என் பேரு மேல கெடக்கு” என்றார்.

“ஆமா.”

“உயிரோட இருக்கப்ப அடுத்த தெருவுக்கு வர ஒனக்குக் காலு இல்ல. செத்த பெறவுதான் என்ன மேல போடுவியோல?”

அப்பா போஸ்டரில் டிசைனுக்காகத்தான் அப்படிச் செய்தேன், நீளமான பெயர் மேலே, குட்டைப் பெயர் கீழே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதினோரு வருடமாக மனப்பாடம் செய்து வைத்தது. ஆனால் வந்தது வேறு.

“வேணும்னுதான் போட்டேன் அண்ணே. மூணு வருசம் படுக்கையில கெடந்தவரத் தூக்கி, குளிப்பாட்டி, எல்லாம் நான்தான். நீங்க தூத்துக்குடியில இருந்து மூணு தடவ வந்தீங்க. அதுலயும் ஒரு தடவ செருப்பக் கழத்தாமலே போயிட்டீங்க. எனக்கு ஆத்திரம். அதான் மேல போட்டேன்.”

அவர் போஸ்டரில் இருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“தெரியும்ல” என்றார். “பாத்த ஒடனே தெரியும். நீ போட்டதுல தப்பே இல்ல. அந்தக் கோலத்துல அப்பாவ என்னால பாக்க முடியல. அதான் ஓடிருவேன். ஊரு பூரா அந்தப் போஸ்டர், ஒவ்வொரு தூணுலயும் என் பேரு கீழ கெடக்கு. கோவம் ஒண்ணும் வரலல. வெக்கம். ஒன் மொகத்துல முழிக்க வெக்கம். வெக்கம்னு சொல்ல முடியுமா? கோவம்னு ஊரு சொல்லுச்சு, அதையே வச்சுக்கிட்டேன்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வைத்திருந்தது கோபம் இல்லை, வெட்கம். அது தெரியாமல் பதினோரு வருடம் நானும் ரோஷத்தைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எடுக்கப் போனால் கை பசையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

போகும்போது, “ஏணி இருக்கு, நான் போயி எல்லாத்தையும் கிழிச்சுருதேன். நீ இன்னைக்கு வெளிய வராத. ஞாயித்துக்கெழம குளிக்க வா” என்றார்.

சாயங்காலம் போன் வந்தது. நாற்பத்தெட்டு கிழித்தாகிவிட்டதாம். இரண்டை மாசானம் பஸ் முதுகில் ஒட்டியிருக்கிறான். ஒன்று தென்காசியிலும் ஒன்று பாபநாசத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

வைகுண்டநாதன் சார் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். சாரின் மகன் என்னைவிட வெட்கப்பட்டார். புதுப் போஸ்டர் மத்தியானமே ஒட்டியாகிவிட்டது. இந்தத் தடவை மாசானத்தை முன்பக்கம் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். அழுதான். அவனுக்கும் சார்தான் எட்டாவதில் கணக்காம்.

ஆகஸ்ட் 23, சனி

எண்ணெய் தேய்க்கும்போது பகவதி கேட்டாள்: “அண்ணன்கிட்டக் கேட்டீங்களா?”

“எத?”

“கட்டிய.”

மறந்தே போய்விட்டது. ஒரு நாள் முழுக்க அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உடனே தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. திங்கட்கிழமை ஊசியும் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆறு மணிக்கு ஆற்றுக்குப் போனேன். இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் நிற்காமல் நேராகப் படியில் இறங்கினேன். பக்கத்துப் படித்துறைப் பொம்பளைகள் என்னை, அவரை, மறுபடி என்னைப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நானும் பக்கத்தில் நின்றேன். நாலு முங்கு போட்டேன். என்ன கட்டி, என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று அவர் பயந்துவிட்டால்? இல்லை என்று சொல்லிவிட்டால்?

“சோப்பப் போட்டு முதுகத் தேயில. கை எட்ட மாட்டேங்கு” என்று சொல்லிவிட்டு, அவரே படியேறித் திரும்பி உட்கார்ந்து துண்டை எடுத்தார்.

தேய்த்தேன். இடது பக்கம், பின்கழுத்துக்குக் கீழே, என் கை நின்றுவிட்டது. ஒன்று நெல்லிக்காய் அளவு. அதற்குக் கீழே இரண்டு பட்டாணி. அழுத்தினேன். நழுவி ஓடியது.

“அண்ணே, இது என்ன?”

“அதுவா? கொழுப்புல. முப்பது வருசமாக் கெடக்கு. பாக்க நல்லாருக்காதுன்னு துண்டப் போட்டுக்குவேன். ஏன், ஒனக்கும் இருக்கா?”

நான் அவர் கையைப் பிடித்து என் பின்கழுத்தில் வைத்தேன். அவர் தடவிப் பார்த்தார். விரலை எடுக்கவே இல்லை.

“அதே எடம்” என்றார். குரல் மாறிவிட்டது. “அம்மாவுக்கு இந்த எடத்துலதாம்ல இருந்துச்சு. நீ கைப்புள்ள, ஒனக்கு ஞாபகம் இருக்காது. ஒன்ன இடுப்புல வச்சிருப்பாவ. நீ பின்னால கையப் போட்டு அதத்தான் புடிச்சுக்கிட்டு இருப்ப. விடவே மாட்ட. புடிக்கலன்னா தூங்க மாட்ட.”

அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் போட்டோவைச் சரிசெய்து கொடுத்தவன் நான், அம்மாவுக்குச் சரிசெய்யக்கூட ஒன்று இருந்ததில்லை. முகம் ஞாபகம் இல்லை, குரல் ஞாபகம் இல்லை. அண்ணன் முதுகில் சோப்பு காய்கிற வரை அழுதேன். அவர் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மாவுக்கு, நாளைக்கு வரவில்லை என்று வரும் வழியிலேயே போன் செய்துவிட்டேன். இருபது நாளாகப் பயந்து பயந்து தொட்டதை இன்றைக்கு ஆசையாகத் தொட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற பகவதி பார்த்துவிட்டாள்.

“இன்னும் அதத் தடவிக்கிட்டே இருக்கீங்களா? அண்ணன்கிட்டக் கேட்டீங்களா இல்லையா?”

“கேட்டேன்.”

“என்னவாம்?”

“அம்மாவோடதாம்” என்றேன்.